பொம்மைக் காரைப் பிரித்த பிள்ளைகள் நமக்குச் சொன்ன கணக்கு



நான் எழுத்தாளன் அல்ல. பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவன். நாற்பது வருடங்களுக்கு மேலாக இதே திண்டுக்கல்லில் மளிகையும், சில்லறைக் கடைகளுக்குப் போகும் பேன்சி சாமான்களும் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். நமது இதழில் வரி, எடை முத்திரை, உரிமம், கடை வாடகை என்று எழுதுவதுதான் வழக்கம். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பொம்மைக் காரைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று யாரும் நினைக்க வேண்டாம். சுற்றி வந்தாலும் விஷயம் கடைசியில் நம் கல்லாவுக்குத்தான் வந்து சேரும்.

சென்ற வருடம் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா முடிந்த சமயம். பக்கத்துக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். இருபது வருடமாக நம்மிடம் சரக்கு எடுப்பவர். மஞ்சள் பையிலிருந்து மூன்று சக்கரத்தோடு ஒரு பொம்மைக் காரை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஏதோ கழிவு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"அண்ணாச்சி, இதைக் கணக்கில் கழிக்க வேண்டாம். ஆனா இனிமே யாருக்கும் போடாதீங்க. சக்கரம் கழன்று, என் பேத்தி வாயில போட்டுக்கிட்டா. குப்புறப் பிடிச்சு முதுகில தட்டி எடுத்தோம். சாமி புண்ணியம், பிழைச்சா."

அந்தக் கார் எப்படி என் கடைக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. வெளியூர்க் குடோன் ஒன்றில் மலிவு விலைக்குக் கிடைத்த சரக்கு அது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது. முத்திரை இல்லை என்று தெரிந்தேதான் எடுத்தேன். "பொம்மைதானே, திருவிழா முடிந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று நினைத்தேன். அந்த அம்மா போன பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கடைக்கு வந்த பிள்ளைகள்

அடுத்த பதினைந்து நாளில் என் தம்பியின் பேரன் மூன்று சிநேகிதர்களுடன் கடைக்கு வந்தான். இரண்டு பையன்கள், இரண்டு பெண் பிள்ளைகள். இயந்திரப் பொறியியல் மூன்றாம் வருடம். "தாத்தா, உடைந்து திரும்பி வந்த பொம்மை வண்டிகள் இருந்தால் கொடுங்கள். புராஜெக்ட்டுக்கு வேண்டும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்களில் புராஜெக்ட் நடக்கும் லட்சணம் நமக்குத் தெரியாததல்ல. பணம் கட்டினால் மாதிரியும் அறிக்கையும் தயாராகக் கையில் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பையன் அட்டையில் பெயரை மாற்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். எனவே, "உடைந்ததை வைத்து என்னடா செய்யப் போகிறாய், நல்லதாகவே ஒன்று எடுத்துக்கொண்டு போ" என்றேன். "நல்லது வேண்டாம் தாத்தா. எங்கே உடைகிறது என்று தெரிய வேண்டும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக மூலையில் கிடந்த அட்டைப் பெட்டியைத் திறந்து, எண்ணிப் பதினான்கு கார் கொடுத்தேன்.

இதற்கு ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்று பெயராம். செய்து முடித்த ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எப்படி நினைத்தார்கள், எப்படிச் செய்தார்கள், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று பின்னோக்கிப் போவது. அதோடு நின்றால் பாதி வேலை. எந்த இடத்தில் குறை என்று கண்டு, அதை மாற்றி மறுபடி வடிவமைப்பது மீதிப் பாதி. அமெரிக்காவில் கெவின் ஆட்டோ, கிரிஸ்டின் வுட் என்ற இரண்டு பேராசிரியர்கள் இந்த முறையை வரிசைப்படுத்தி 1998-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். உலகம் முழுக்கப் பொறியியல் மாணவர்கள் பொம்மை, மிக்சி, டிரில் மிஷின் என்று கைக்கு அடக்கமான சாமான்களைப் பிரித்துப் பார்த்துத்தான் இந்தப் பாடத்தைக் கற்கிறார்கள்.

பிரிப்பதற்கு முன் செய்த வேலை

ஸ்குரூ டிரைவரை எடுத்தவுடன் பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. முதலில் பத்துப் பதினைந்து கடைக்காரர்களிடமும் தாய்மார்களிடமும் போய், "இந்த வண்டியில் என்ன பிடிக்கிறது, எதனால் திருப்பிக் கொடுக்கிறீர்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். நாற்பது வருடத்தில் நான் கேட்காத கேள்வி அது.

அடுத்து, மூடிய வண்டியை ஓட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கும் என்று ஆளுக்கொரு காகிதத்தில் ஊகமாகப் படம் போட்டார்கள். அதன் பிறகே பிரித்தார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் போட்டு, எடை பார்த்து, எதனால் ஆனது, என்ன வேலை செய்கிறது என்று ஒரு பட்டியல். நாம் சரக்கு இருப்பு எடுப்பது போலத்தான். மொத்தம் 27 உருப்படி வந்தது.

பின்னால் இழுத்து விட்டால் முன்னால் ஓடும் அந்தக் காரின் சூட்சுமத்தையும் எனக்குக் காட்டினார்கள். உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் சுருட்டிய ஸ்பிரிங் பட்டை ஒன்றும் சில பல்சக்கரங்களும். காரைப் பின்னால் இழுக்கும்போது சக்கரத்தின் சுற்று ஒரு வழியாகப் போய் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. கையை விட்டதும் ஒரு சின்னப் பல்சக்கரம் தன் இடத்திலிருந்து சற்று நகர்ந்து உட்கார்ந்து, வேறு வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இந்த இரண்டு வழிக்கும் கணக்கு வேறு. அதனால்தான் ஒரு சாண் இழுத்தால் பல முழம் ஓடுகிறது. அளவுக்கு மேல் இழுத்தால் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதே, அது உடைகிற சத்தம் அல்லவாம். ஸ்பிரிங் அறுந்து போகாமலிருக்க நழுவிக் கொடுக்கும் சத்தமாம். எத்தனை ஆயிரம் கார் விற்றிருப்பேன், இது எனக்குத் தெரியாது.

அடுத்து ஒரு வேலை செய்தார்கள். ஒரு பாகத்தை எடுத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பது. ஓடுகிறதா, எழுது. அதைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த பாகத்தை எடு. எது இல்லாமல் காரியம் கெடுகிறது, எது வெறும் பகட்டு என்று இதில் தெரிந்துவிடும். இந்தக் காரில் ஐந்து உருப்படிகள் வெறும் பளபளப்புக்காக ஒட்டியவை. அந்த ஐந்தும்தான் முதலில் கழன்று விழுபவை.

எங்கே குறை

பதினான்கு காரில் பதினொன்றில் ஒரே நோய். சக்கரத்தின் நடுக் குழியில் ஆக்சில் கம்பி இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறங்கியிருந்தது. கம்பி வழவழப்பானது, பிடிமானமே இல்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் சக்கரம் கையோடு வந்துவிடும்.

இன்னொரு சமாச்சாரம்தான் என்னை உலுக்கியது. பொம்மைகளின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 9873 என்ற தரம் இருக்கிறது. அதில் சின்னப் பாகங்களைச் சோதிக்க ஒரு உருளைக் குழாய் சொல்லப்பட்டிருக்கிறது. அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மையிலோ, அதிலிருந்து கழன்று வரும் பாகத்திலோ எதுவும் அந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் அது பிள்ளையின் தொண்டையை அடைக்கும். மாணவர்கள் அதே அளவில் ஒரு குழாய் செய்து கொண்டுவந்து, என் காரின் சக்கரத்தை அதற்குள் போட்டுக் காட்டினார்கள். 26 மில்லிமீட்டர் சக்கரம். சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டிக்கடை அம்மாவின் முகம்தான் என் கண் முன்னால் வந்தது.

அவர்கள் செய்த மாற்றம் பெரிய ராக்கெட் வித்தை அல்ல. சக்கரத்தை 40 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். கழன்றாலும் குழாய்க்குள் போகாது. நடுக் குழியை ஆறு மில்லிமீட்டர் ஆழமாக்கி, ஆக்சில் முனையில் வரி வெட்டிய எஃகுக் கம்பியை அழுத்திப் பொருத்தினார்கள். பசை போட்டு ஒட்டிய உடம்பை மூன்று ஸ்குரூவில் மாட்டினார்கள். பழுது பார்க்க இனி உடைக்க வேண்டாம். பளபளப்பு உருப்படிகள் ஐந்தையும் எடுத்தே விட்டார்கள். கல்லூரியில் இருந்த முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒரு மாதிரியும் செய்து ஓட்டிக் காட்டினார்கள். இத்தனைக்கும் வண்டி ஒன்றுக்குக் கூடுதல் செலவு நாலரை ரூபாய் என்று கணக்கு கொடுத்தார்கள்.

நம் கணக்கு

அன்று இரவு பேரேட்டை எடுத்து நானும் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு பெட்டி, 240 கார். கொள்முதல் 38 ரூபாய், சில்லறைக் கடைகளுக்குப் போட்டது 44 ரூபாய். ஒன்றுக்கு 6 வீதம் 1,440 ரூபாய் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவை 31. ஒவ்வொன்றுக்கும் 44 வீதம் 1,364 ரூபாய் கழித்துக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் 76 ரூபாய். லாரி வாடகையும் சுமை கூலியும் இதில் சேரவில்லை. ஆக, ஒரு குழந்தையின் உயிரை விளிம்பில் நிறுத்தி நான் சம்பாதித்தது ஒன்றுமே இல்லை. கையை விட்டுத்தான் போட்டிருக்கிறேன். நாலரை ரூபாய் கூடக் கொடுத்து நல்ல வண்டியை வாங்கி, சற்றுக் கூட்டியே விற்றிருந்தாலும், திரும்பி வருவது குறைந்த அளவில் எனக்கு லாபம்தான். 'மலிவு' என்ற வார்த்தையை இன்வாய்ஸில் மட்டும் பார்க்கக் கூடாது, திரும்பி வரும் பெட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அறுபது வயதுக்கு மேல் கற்றேன்.

சட்டமும் இப்போது நம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. 2019-இல் இந்தியத் தரக் குழு சந்தையில் இறக்குமதிப் பொம்மைகளை வாங்கிச் சோதித்ததில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதன் பின் மத்திய அரசு கொண்டுவந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் மட்டும் விலக்கு. இந்திய தர நிர்ணயச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டபோதே, முத்திரை இல்லாத கட்டாயச் சரக்கை விற்பவருக்கும் முதல் தவறுக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை என்று எழுதினார்கள். செய்தவருக்கு மட்டும் அல்ல, விற்பவருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரியில் பெரிய வணிக வளாகங்களிலும் விமான நிலையக் கடைகளிலும் சோதனை போட்டு 18,600 பொம்மைகளைக் கைப்பற்றினார்கள். அவ்வளவு பெரிய கடைகளுக்கே அந்த நிலை என்றால் நம்மைப் போன்றவர்கள் எந்த மூலைக்கு?

முத்திரையைப் பார்க்கும்போது அதன் மேலே ஐ.எஸ். எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஐ.எஸ்.ஐ. படத்தை மட்டும் அச்சடித்து ஏமாற்றுவோர் உண்டு. உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். கடைப் பையனுக்கு ஐந்து நிமிட வேலை.

இது நமக்குப் புதிதல்ல

பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்பதும், கற்றதைத் திருத்திச் செய்வதும் இந்த மண்ணுக்குப் புதிய சங்கதி அல்ல. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டிக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் நமது பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கினார். பின்னாளில் மோட்டார் முதல் சவரக் கத்தி வரை எத்தனையோ பொருள்களை அவர் உருவாக்கியதற்கு அந்த முதல் பிரிப்புத்தான் பாலபாடம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்ப் பூட்டைப் பாருங்கள். நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் குடைப்பாறைப்பட்டியிலும் யாகப்பன்பட்டியிலும் பட்டறை போட்டவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? ஒரு பூட்டைத் திறந்து பார்த்தால் அதன் நெம்புகோல்கள் எப்படி எழுகின்றன என்று கைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கையறிவில்தான் மாங்காய்ப் பூட்டும், சாவி திருகினால் மணியடிக்கும் பூட்டும் பிறந்தன. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதற்குள் இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து பட்டறைகள் பல மூடிவிட்டன. அதில் நம் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்ப் பூட்டின் பெருமையை மேடையில் பேசிவிட்டு, கடையில் விலை குறைந்த வெளியூர்ப் பூட்டைத் தொங்கவிட்டவர்கள் நாம்தானே.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிரித்துப் பார்த்துக் கற்பது வேறு, அப்படியே நகல் அடிப்பது வேறு. அடுத்தவன் பதிவு செய்த வடிவத்தையும் பெயரையும் திருடி விற்றால் அது வழக்கில்தான் முடியும். காப்புரிமைக்கு 20 வருடம், பதிவு செய்த வடிவத்துக்கு அதிகபட்சம் 15 வருடம் பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளைகள் நகல் எடுக்கவில்லை. குறையைக் கண்டு மாற்றினார்கள். மரியாதை அதற்குத்தான்.

எதிர்க் கேள்வி

"இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. நான்கு பிள்ளைகள் ஒரு மாதிரி செய்தால் சரக்கு வந்துவிடுமா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வராது. பிளாஸ்டிக்கில் வார்க்க மோல்டு வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் ஆகும். உதாரணத்துக்கு நாலு லட்சம் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் வண்டி செய்தால் ஒன்றின் தலையில் 40 ரூபாய் விழும். யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு லட்சம் வண்டி செய்தால் 4 ரூபாய்தான். நாலரை ரூபாய்க் கணக்கில் இந்த மோல்டுச் செலவு சேரவில்லை என்பதையும் பிள்ளைகளே எனக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த ஒரு லட்சம் என்ற எண்ணிக்கை யார் கையில் இருக்கிறது? மாணவன் கையிலா, பட்டறைக்காரர் கையிலா? நம் கையில் இருக்கிறது. தனிக் கடையாக நான் வருடத்துக்கு ஆயிரம் கார்தான் விற்பேன். மாவட்டத்து மொத்த வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து ஆர்டர் சொன்னால் அந்தத் தொகை வேறு. 2020-இல் பொம்மைகளுக்கு இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023-இல் 70 ஆக்கினார்கள். 2018-19-இல் 37 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2021-22-இல் 11 கோடி டாலராக இறங்கியது. அந்த இடைவெளியை யாரோ நிரப்பத்தான் செய்கிறார்கள். 2021-இல் மத்திய அரசு டாய்க்கத்தான் என்று மாணவர்களுக்குப் பொம்மை வடிவமைப்புப் போட்டியே நடத்தியது. பிள்ளைகளிடம் யோசனைக்குப் பஞ்சம் இல்லை. வாங்குகிறோம் என்று சொல்லும் ஆள்தான் இல்லை.

சங்கத்துக்கு மூன்று யோசனைகள்

ஒன்று: ஒவ்வொரு மொத்தக் கடையிலும் ஒரு 'திரும்பி வந்த பெட்டி' வைப்போம். உடைந்த பொம்மை, டார்ச், தண்ணீர் பாட்டில், எதுவானாலும், எங்கே உடைந்தது என்று ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் கட்டிப் போடுவோம். மாதம் ஒரு முறை அருகிலுள்ள பாலிடெக்னிக்குக்கோ பொறியியல் கல்லூரிக்கோ கொடுத்துவிடுவோம். நமக்குக் குப்பை, அவர்களுக்குப் பாடப் புத்தகம்.

இரண்டு: நல்ல மாற்றம் செய்த மாணவர்களையும், பூட்டுப் பட்டறை மூத்த கைவினைஞர்களையும், பிளாஸ்டிக் வார்ப்பு செய்யும் சிறு தொழில்காரர்களையும் வருடத்துக்கு ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் ஒன்றாக உட்கார வைப்போம். மூன்று பேரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருக்கிறார்கள்.

மூன்று: முத்திரை வாங்கிய, திருத்திச் செய்த ஒரு பொருளுக்காவது சங்க உறுப்பினர்கள் கூட்டாக ஆர்டர் கொடுப்போம். நன்கொடை அல்ல. விலையும் தரமும் ஒத்து வந்தால் மட்டும் வாங்குவோம் என்று எழுதிக் கொடுக்கும் வியாபார ஒப்பந்தம். ஒத்து வராவிட்டால் காரணத்தைச் சொல்வோம். அதுவும் அவர்களுக்குப் பாடம்தான்.

என் குடோனில் மீதமிருந்த முத்திரை இல்லாத காரில் இருபதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மற்றதையெல்லாம் என் கண் முன்னால் நசுக்கச் சொல்லி, பிளாஸ்டிக் எடைக்குப் போட்டேன். நஷ்டம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கடை அம்மா அடுத்த மாதம் வழக்கம் போல வந்து, "பேத்திக்கு ஒரு நல்ல வண்டி இருந்தாக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டார். முத்திரையைப் பார்த்து ஒன்றை எடுத்தேன். கொடுப்பதற்கு முன் நான்கு சக்கரத்தையும் என் கையால் இழுத்துப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளைகள் செய்து கொடுத்த சோதனைக் குழாய் இப்போது என் கல்லாப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். உறுப்பினர்கள் தங்கள் கடையில் விற்கும் பொம்மை ஒன்றைக் கையோடு எடுத்து வாருங்கள். போட்டுப் பார்ப்போம், அதன் பிறகு மேற்படி யோசனைகளைப் பேசி முடிவெடுப்போம்.